ஜன்னல்: உண்டு

முதலில் அட்டவணைதான் வந்தது.
பதினான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெழு,
சிலதுக்குப் பக்கத்தில் நட்சத்திரம்.
ஜன்னலுக்கு நட்சத்திரம் இல்லை.
"அப்ப ஜன்னலால ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர் ஜெபக்கனி,
அடுத்த தாளைப் புரட்டியபடி.

அந்த எண் சொன்னதோ வேறு:
நாளுக்குப் பூஜ்யம் மணி நேரம் பீடி சுற்றுகிறவளுக்கு
ஜன்னல் என்ன செய்யும் என்று.
மேலப்பாளையத்தில் குழாயை நீட்டி
நாங்கள் ஊதச் சொன்ன முந்நூற்றுப் பதினோரு பேரில்
அப்படி ஒருத்தி கிடையாது.

ஆகவே வரைந்தேன்,
கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு மத்தியானம்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மாடியில்.

படம் வரைய முதலில் ஒரு பெண்ணைச் செய்யவேண்டும்.
வயது நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.
உயரம் நூற்றைம்பத்தொரு சென்டிமீட்டர்.
பிள்ளைகள் இரண்டேகால்.
அடுப்பு முக்கால் பங்கு கேஸ், கால் பங்கு விறகு.
இவளை அசையாமல் உட்காரவைத்து,
மடியில் சுளவைக் கொடுத்து,
மணியை மட்டும் நகர்த்தினேன்.

நீலம், ஜன்னல் உள்ளவள். சிவப்பு, இல்லாதவள்.
ஐந்து மணி வரை இரண்டு கோடும்
தோளில் கைபோட்டுத்தான் இறங்கின.
ஏழில் கை விட்டது.
பத்தில் அவர்களுக்கு நடுவே அரை லிட்டர் மூச்சு.

அதற்கப்பால் சாம்பல் பட்டை
விசிறிபோல விரிந்துவிடுகிறது.
பன்னிரண்டு மணி சுற்றுகிறவர்கள் ஏழு பேர்தான்.
கோடு அங்கேயும் கூசாமல் போகிறது,
பட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறது,
தெரியாது என்று.

புள்ளிகளையும் போட்டிருந்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் எண்: நீலப் புள்ளி,
நீலக் கோட்டுக்கு வெகு கீழே, சிவப்பையும் தாண்டி
தனியாகக் கிடந்தது.
"கழிச்சிரலாமா?"
பீடிக்கடையில், வாய் மடியாத பீடியைப்
பார்த்தும் பாராமல் ஒடித்துப்போடும்
ஒரு கட்டைவிரல் ஞாபகம் வந்தது.
போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செய்யதலி பாத்திமா வீட்டில் ஜன்னல் இருந்தது.
தேக்கு. பச்சைப் பெயின்ட்.
கதவிடுக்கில் பழைய சேலைக் கிழிசல் திணித்திருந்தது.
"தொறந்தா தூளு பறந்துரும்லா.
இலை காஞ்சு முறியும்.
கொறஞ்சா கடைக்காரன் என் கூலியிலதான் புடிப்பான்."
தலைக்கு மேலே ஃபேனும் அதற்காகவே நின்றது,
றெக்கையில் விரல்கனத் தூசி.

நாங்கள் கேட்டது: ஜன்னல் உண்டா, இல்லையா.
அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.
முந்நூற்றுப் பதினோரு பேரில் இன்னும் எத்தனை ஜன்னல்
இப்படிச் சாத்திக்கொண்டு
நீலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதோ,
அவை இல்லையென்றால் நீலக் கோடு
எவ்வளவு உயரத்தில் ஓடியிருக்குமோ.

"ராத்திரி தொறப்பேன்.
சுளவு மடிய விட்டு எறங்குன பொறவு.
அதையும் எழுதிக்கிடுங்க."
எழுதிக்கொண்டேன், தாளின் ஓரத்தில்.
அதற்கென்று கட்டம் இல்லை.

படத்தைக் கேட்டு வாங்கினாள்.
"இதுல நான் எங்க?"
காட்டினேன்.
"இம்புட்டுக் கீழயா" என்று தொட்ட விரலை எடுத்தபோது
அவள் புள்ளி இருந்த இடத்தில்
புகையிலைப் பழுப்பாக ஒரு வட்டம்.

"இந்தக் கோட்டுல போறவ யாரு?"
"யாருமில்ல. கணக்குக்காகச் செஞ்ச ஆளு."
அவளுடைய வயது, உயரம், அடுப்பு, பிள்ளைகள்
எல்லாம் சொன்னேன்.
கத்தரியைக் கையில் எடுத்து, இலையில் வைத்து,
வெட்டாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெண்டேகால் பிள்ளைய வச்சிக்கிட்டு
பத்து மணி நேரம் எப்படி உக்காருதா?"